தலைமையகம், டெய்லர் கடை மாடி

அந்தக் கம்பெனிக்குக் கைகால்கள் உலகமெங்கும் இருந்தன. தலை மட்டும் டெய்லர் கடை மாடியில் இருந்தது.

தலை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரே ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி முகத்தில் படும். மூலையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போனவர்களின் சட்டைகளும் பேண்ட்டுகளும் அதில் கிடந்தன. சுவரில் முன்பு குடியிருந்த யாரோ அடித்துவிட்டுப் போன ஆணி. அந்த ஆணியில்தான் கம்பெனியின் பித்தளைப் பெயர்ப்பலகை தொங்கியது. இதை வெளியே தெருப் பக்கம் மாட்ட வேண்டாமா என்று டெய்லர் கேட்டதற்கு, "வெளிய மாட்டினா யாராவது வந்துடுவாங்க" என்றார் கம்பெனியின் வக்கீல். பிறகு ஆணி உறுதியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தத் துறைமுக ஊரில் வக்கீல்களுக்கு வழக்கு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பெயர்ப்பலகை மாட்டுவதுதான் தொழில். அந்த நாட்டில் வரி இல்லை என்பதால் உலகத்தில் உள்ள கம்பெனிகள் எல்லாம் தங்கள் தலையைக் கொண்டுவந்து அங்கே வைத்திருந்தன. ரொட்டிக்கடைப் பரணில் ஒரு சிமெண்ட் கம்பெனி. சலூன் பின்கட்டில் இரண்டு வங்கிகள். டெய்லர் கடை மாடிக்கு வந்தது ஃபிரிட்ஜ் செய்கிற கம்பெனி. கட்டடம் டெய்லருடையது இல்லை. கீழே கடையையும் மேலே அறையையும் சேர்த்து வாடகைக்கு எடுத்திருந்தார். அறை சும்மா கிடந்ததால் உள்வாடகைக்கு விட்டார். அதற்கும் அவர் மனைவி உடனே சம்மதிக்கவில்லை.

"மேஜை இல்ல, நாற்காலி இல்ல, ஆள் இல்ல. என்னங்க கம்பெனி இது? நாளைக்குப் போலீஸ் வந்தா யார் பதில் சொல்றது?"

கம்பெனியின் பெயரைப் படித்த பிறகுதான் சம்மதித்தாள். கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டில் அவளுடைய தம்பி வேலை பார்த்ததும் அதே கம்பெனியில்தான். ஃபிரிட்ஜ் கதவைச் சுற்றி ரப்பர் பொருத்துவது அவன் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரப்பர்தான் பொருத்துகிறான். அந்தச் சம்பளத்தில்தான் அவன் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், டெய்லரின் மாமியார் எல்லோரும் சாப்பிட்டார்கள். தம்பிக்குச் சோறு போடுகிற கம்பெனிக்கு ஒரு அறை கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு தப்பும் இல்லை.

கொஞ்ச காலம் நிம்மதியாகப் போயிற்று. தலை மேலே தொங்கியது, தையல் கீழே நடந்தது. பிறகு பெரிய நாடுகள் எல்லாம் ஒன்றுகூடி ஒரு விதி கொண்டுவந்தன. வெறும் பலகை தொங்கினால் அது தலைமையகம் ஆகாது, அந்த இடத்தில் உண்மையிலேயே யோசனை நடக்க வேண்டும், உள்ளூர்க்காரர் ஒருவராவது டைரக்டராக உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டன. மறுநாள் காலையிலேயே வக்கீல் டெய்லர் கடையில் வந்து நின்றார்.

"நீங்க எப்பவும் இங்கதான இருக்கீங்க?"

"எங்க சார் போறது? பள்ளிக்கூடம் திறக்கப் போகுது. யூனிஃபார்ம் தலைக்கு மேல கிடக்கு."

"அதான் வேணும். எப்பவும் இங்கயே இருக்கிற ஆள். நீங்க இனிமே எங்க கம்பெனி டைரக்டர்."

டெய்லர் வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்துக் கீழே வைத்தார். "எனக்கு ஃபிரிட்ஜைப் பத்தி ஒண்ணும் தெரியாதே சார். எங்க வீட்டு ஃபிரிட்ஜ் போன மாசம் நின்னு போச்சு. இன்னும் அப்படியேதான் இருக்கு."

"தெரியவே வேணாம். தெரிஞ்சவங்க எல்லாம் வேற நாட்டுல இருக்காங்க. அவங்க தெரிஞ்சு முடிவு பண்ணி அனுப்புவாங்க. நீங்க இங்க உக்காந்து அதை முதல் தடவையா யோசிக்கணும். யோசிச்சுட்டுக் கையத் தூக்கணும்."

அன்று சாயங்காலம் டெய்லரின் மனைவி தம்பிக்குப் போன் போட்டாள். "இனிமே உங்க அத்தான்தான்டா உனக்கு முதலாளி. ஒழுங்கா வேலை பாரு" என்றாள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். டெய்லர் போனை வாங்கியதும், "முதலாளி, கதவு டிபார்ட்மெண்ட்ல ஃபேன் ஓடல, கொஞ்சம் என்னன்னு பாருங்க" என்றான். டெய்லரும் மிடுக்காக, "யோசிக்கிறேன்" என்றார். குடும்பமே சிரித்தது. அப்போது சிரிக்க முடிந்தது.

முதல் கூட்டத்துக்கு சேர்மனே விமானத்தில் வந்தார். கூடவே உலக வியூக அதிகாரி என்ற பதவியில் இருந்த அம்மாள் ஒருவரும், இன்னும் சில கோட்டுகளும் வந்தார்கள். வரும் வழியில் அவர்கள் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை எதுவும் இல்லை. விமானத்தில் தொழில் பேசக் கூடாது என்பது கம்பெனி விதி. ஆகாயத்தில் வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அந்த நேரத்தில் கீழே எந்த நாடு இருந்ததோ அந்த நாடு வரி கேட்கும். வியூக அம்மாளுக்கு ஒருமுறை விமானம் மாறுகிற ஊரில், கழிப்பறை வரிசையில் நிற்கும்போது, நல்ல யோசனை ஒன்று வந்துவிட்டதாம். கம்பெனி அவருக்கு எச்சரிக்கை கொடுத்து, அந்த யோசனையை மறக்கச் சொல்லி, இங்கே வந்திறங்கிய பிறகு மறுபடி வர வைத்ததாம். இதை வக்கீல் டெய்லரிடம் பெருமையாகச் சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

வாடகை நாற்காலிகள் போட்டு, அட்டைப்பெட்டியின் மேல் ஒரு விரிப்பு விரித்து, கூட்டம் தொடங்கியது. வியூக அம்மாள் எழுந்து நின்று பேசினார்.

"நம்ம கம்பெனி எந்த நாட்டுக்கும் சொந்தமில்ல. அதுதான் நம்ம பலம். நமக்கு ரோடு போட்ட நாடு, தண்ணி குடுத்த நாடு, நம்ம தொழிலாளியப் படிக்க வெச்சு அனுப்பின நாடு, எல்லா நாட்டு மேலயும் நமக்குப் பாசம் உண்டு. பாசத்துக்கு வரி கிடையாது. விக்கிற இடத்துல நாம உள்ளூர்க்காரங்க. தயாரிக்கிற இடத்துல நாம விருந்தாளிங்க. வரி கேக்குற இடத்துல நாம யாருன்னு நமக்கே தெரியாது. இதுதான் அடுத்த பத்து வருஷத்துக்கான வியூகம்."

கோட்டுகள் கைதட்டின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெய்லரும் மரியாதைக்குத் தட்டினார். பிறகு தீர்மானம் வந்தது. கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜுக்குள் விளக்கு எரிகிறது அல்லவா, அந்த யோசனை இந்த அறைக்குச் சொந்தம். உலகத்தில் எந்த ஆலையில் ஃபிரிட்ஜ் கதவு செய்தாலும், விளக்கு யோசனைக்காக இந்த அறைக்குக் கட்டணம் கட்ட வேண்டும்.

டெய்லர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எங்க அம்மா காலத்து ஃபிரிட்ஜ்லயே விளக்கு எரிஞ்சுதே சார்?"

"எரிஞ்சுது. அப்ப அந்த யோசனை வேற நாட்டுல குடியிருந்துது. போன மாசம் இங்க குடிவந்துடுச்சு" என்றார் சேர்மன்.

"இந்த ரூமுக்கா?"

"இந்த ரூமுக்குத்தான்."

டெய்லர் ரூமைச் சுற்றிப் பார்த்தார். யோசனை எதுவும் கண்ணில் படவில்லை. ஆனாலும் பெரிய மனிதர்கள் அத்தனை பேர் கையைத் தூக்கும்போது தான் மட்டும் தூக்காமல் இருப்பது மரியாதையாகப் படவில்லை. கழுத்தில் இன்ச் டேப்போடு அவரும் தூக்கினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கூட்டம் முடிந்துவிட்டது. கிளம்பும்போது சேர்மன் கோட்டில் ஒரு பட்டன் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்து டெய்லரின் மனைவி அதை இறுக்கித் தைத்துக் கொடுத்தாள். அதற்கு நன்றியாகவோ என்னவோ, அடுத்த வாரமே கம்பெனி கட்டடத்தை விலைக்கு வாங்கிவிட்டது. நேற்றுவரை கம்பெனி டெய்லரிடம் உள்வாடகைக்கு இருந்தது. இன்று டெய்லர் கம்பெனியின் வாடகைக்காரர். "ஒண்ணும் கவலப்படாதீங்க, டைரக்டரா இருக்கிற வரைக்கும் கடையை யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க" என்று வக்கீல் முதுகில் தட்டிக் கொடுத்தார். டெய்லருக்கு அது ஆறுதலா மிரட்டலா என்று பிடிபடவில்லை.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில், மைத்துனன் இருக்கும் நாட்டிலிருந்து வரித்துறை இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர். நேராக மாடிக்கு ஏறிப் பார்த்தார். பலகையைப் பார்த்தார், அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தார், ஒரு பேண்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கீழே வந்து, காலர் வெட்டிக்கொண்டிருந்த டெய்லரின் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்கதான் டைரக்டரா?"

"ஆமா சார். கூடவே தையலும் உண்டு."

"போன கூட்டத்துல என்ன முடிவு எடுத்தீங்க?"

"கையத் தூக்கினோம் சார்."

"எதுக்கு?"

"எல்லாரும் தூக்கினாங்க."

"இதுவரைக்கும் எந்தக் கூட்டத்துலயாவது யாராவது வேணாம்னு சொல்லியிருக்காங்களா?"

டெய்லர் கத்தரியை நிறுத்திவிட்டு நன்றாக யோசித்தார். சொல்லப்போனால் அந்தக் கட்டடத்தில் உண்மையிலேயே நடந்த முதல் யோசனை அதுதான். "இல்ல சார். அப்படி ஒரு வழக்கம் இல்ல" என்றார்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வக்கீலைப் பார்த்துச் சொன்னார். "வேணாம்னு சொல்லத் தெரியாத தலை தலை இல்ல சார், பொம்மை. இங்க யோசனை நடக்கலைன்னா உங்க கம்பெனி எங்க நாட்டுக் கம்பெனி. அப்புறம் வரியும் எங்களுக்குத்தான், சட்டமும் எங்க சட்டம்தான். இன்னொரு தடவை வருவேன். அதுக்குள்ள ஏதாவது யோசிக்கிறீங்களான்னு பாக்குறேன்."

வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் டெய்லருக்கு யோசிக்கப் பயிற்சி நடந்தது. ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார்கள். முகவாயில் கையை வைக்கச் சொன்னார்கள். "நெத்தி சுருங்கணும் சார். இன்னும் கொஞ்சம். இப்ப உங்களைப் பாத்தா பட்டன் தேடுற மாதிரி இருக்கு" என்று வக்கீல் அலுத்துக்கொண்டார். எதிர்வீட்டம்மா கொடியில் துணி எடுக்க வந்தவள், டைரக்டர் யோசித்துக்கொண்டிருந்த கோலத்தைப் பார்த்துப் பதறிப்போய், "என்னக்கா, அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கீழே வந்து விசாரித்தாள். கீழே யூனிஃபார்ம் குவிந்துகொண்டே போனது. தாய்மார்கள் வந்து சத்தம் போட்டார்கள். உலகமெங்கும் ஃபிரிட்ஜ் கதவுகள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஊர்ப் பிள்ளைகள் போன வருஷத்து டவுசரில் பள்ளிக்கூடம் போனார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு சேர்மன் வரும்போது முகம் வாடியிருந்தது. இன்ஸ்பெக்டரின் அறிக்கையை அவர் படித்திருந்தார். வியூக அம்மாள் மட்டும் உற்சாகம் குறையாமல் எழுந்தார்.

"இன்னைக்கு ஒரு சந்தோஷமான விஷயம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம்ம கதவு ஆலைக்கு விடுதலை குடுக்கப் போறோம். மூடல்னு யாரும் சொல்லக் கூடாது. அந்த வார்த்தைய நாம உபயோகிக்கிறதில்ல. அந்த ஆலை ஆரம்பத்துல நல்லா லாபம் பாத்துச்சு. இப்ப கொஞ்ச நாளா ஓயாத நஷ்டம். காரணம் ஆராய்ஞ்சு பாத்தோம். ஒவ்வொரு கதவுக்கும் அவங்க யாருக்கோ பெரிய கட்டணம் கட்டிக்கிட்டு இருக்காங்க."

"யாருக்கு?" என்றது ஒரு கோட்டு.

"நமக்கு" என்றார் வியூக அம்மாள். "அந்த அளவுக்குச் செலவு பண்ற ஆலைய வெச்சுக்கிட்டு உலகப் போட்டியில நிக்க முடியாது. வேற நாட்டுல ஒரு அரசாங்கம் நமக்குச் சும்மா நிலம் தருது, கரண்ட் தருது, சங்கம் வைக்காத தொழிலாளியும் தருது. கதவு அங்க போகுது. இப்ப இருக்கிற தொழிலாளிங்களுக்கு ஒரு புதிய வாழ்க்கை தொடங்குது. அது என்ன வாழ்க்கைன்னு அவங்களே சுதந்திரமா முடிவு பண்ணிக்கலாம்."

டெய்லருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. கதவு ஆலை. ரப்பர் பொருத்துகிற இடம். ஃபேன் ஓடாத டிபார்ட்மெண்ட். மைத்துனனின் இரண்டு பெண்களும், ஊன்றுகோலோடு வாசலில் உட்கார்ந்திருக்கும் மாமியாரும் கண்முன் வந்து நின்றார்கள். போன கூட்டத்தில் தான் தூக்கிய கைதான் அந்த ஆலையின் மேல் கட்டணத்தைச் சுமத்தியது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவருக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

கோட்டுகள் கையைத் தூக்கின. டெய்லர் தூக்கவில்லை.

"வேணாம்" என்றார்.

கோட்டுகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின.

"வேணாம் சார். இது அநியாயம். அந்த ஜனங்க என்ன தப்பு பண்ணாங்க? நீங்களே புடுங்கிக்கிறீங்க, நீங்களே நஷ்டம்னு சொல்றீங்க. விளக்கு யோசனை இந்த ரூம்ல இருக்குன்னு சொன்னீங்க. இருந்தா எடுத்துட்டுப் போங்க, எங்களுக்கு வேணாம். அந்த ஆலைய மூடாதீங்க. என் மச்சான் அங்கதான் வேலை பாக்குறான். அவனை நம்பி வீடு நிறைய ஆள் இருக்கு. அவன் மட்டுமில்ல, அங்க இருக்கிற எல்லாருக்கும் அப்படித்தான இருக்கும்?"

கடை போயிற்று என்று டெய்லர் முடிவே கட்டிவிட்டார். சேர்மன் மெல்ல எழுந்தார். நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு வந்தார். டெய்லரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு நாளா எங்க சார் இருந்தீங்க?" என்றார்.

வக்கீலின் பேனா பறந்துகொண்டிருந்தது. "அந்த 'நீங்களே புடுங்கிக்கிறீங்க'ங்கிற இடத்த மட்டும் இன்னொரு தடவை சொல்றீங்களா சார்? எழுதறதுல விட்டுட்டேன்" என்றார் கெஞ்சும் குரலில். ஒரு கோட்டு டெய்லரை ஜன்னல் பக்கம் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தது. வியூக அம்மாள், "கடுமையா எதிர்க்கப்பட்டேன். இந்த மாதிரி எதிர்ப்ப நான் எந்த நாட்டுலயும் பாத்ததில்ல" என்று தன் பங்குக்கு எழுதச் சொன்னார். சேர்மன் வேண்டுமென்றே நான்கைந்து கேள்விகள் கேட்டார். டெய்லர் ஒவ்வொன்றுக்கும் உள்ளம் கொதித்துப் பதில் சொன்னார். கொதிக்கக் கொதிக்க அவர்களுக்கு முகம் மலர்ந்தது. கடைசியில் ஓட்டெடுப்பு நடந்தது. டெய்லர் ஒருவரைத் தவிர அனைவரும் ஆதரித்ததால் ஆலைக்கு விடுதலை கிடைத்தது.

அன்று வீட்டில் டெய்லர், "நான் எதிர்த்துப் பேசினேன், அத்தனை பேர் மத்தியில" என்றார். மனைவி அழுகைக்கு நடுவிலும் அவரைப் பெருமையாகத்தான் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் சொன்னபடியே திரும்ப வந்தார். வக்கீல் கொடுத்த கூட்ட நடவடிக்கையை முதலில் அலட்சியமாகப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து படித்தார். "இதெல்லாம் நீங்க நிஜமாவே பேசினதா?" என்று டெய்லரைக் கேட்டார். டெய்லருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதோடு பேசியதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. "ஒவ்வொரு வார்த்தையும் நான் பேசினதுதான் சார்" என்றார். இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "இங்க யோசனை நடக்குது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டெய்லரின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவர் ஏன் பார்க்கவில்லை என்று டெய்லருக்கு அப்போது விளங்கவில்லை.

ஆனால் மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. கடை போனாலும் போகட்டும் என்று துணிந்து, டைரக்டர் வேலை வேண்டாம் என்று வக்கீலிடம் சொன்னார். வக்கீல் மறுக்கவே இல்லை. "தாராளமா. ஆனா அதை மேல கூட்டத்துல வெச்சுத்தான் முடிவு பண்ணணும்" என்றார். கூட்டம் நடந்தது. டெய்லர் தன் ராஜினாமாவை ஆதரித்துக் கையைத் தூக்கினார். மற்ற எல்லோரும் அதை எதிர்த்தார்கள். காரசாரமான விவாதத்துக்குப் பிறகு ராஜினாமா தோற்றுப்போனது என்று வக்கீல் சப்புக்கொட்டிக்கொண்டு எழுதினார். சேர்மன் அதை எல்லா நாட்டு வரித்துறைக்கும் நகல் அனுப்பச் சொன்னார்.

அதற்கு அடுத்த வாரம் மைத்துனன் வந்தான்.

கப்பலில் வந்து இறங்கி, பையோடு நேராகக் கடைக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். அவனைக் கண்டதும் அக்கா ஓடிவந்து பையை வாங்கினாள். டெய்லர் மெஷினை விட்டு எழுந்தார். அவன் உட்காரவில்லை.

"யூனியன்ல என்னை அனுப்பினாங்க. தலைமையகத்துல போய் ஒரு தடவை நேர்ல கேட்டுட்டு வான்னு. அட்ரஸ பாத்துட்டு உங்க அக்கா ஊர்தானன்னு என்னையே அனுப்பிட்டாங்க."

"மச்சான், நான் வேணாம்னுதான்டா சொன்னேன்" என்றார் டெய்லர். "உன் அக்காவ வேணா கேளு. அத்தனை பேர் முன்னாடியும் எழுந்து நின்னு வேணாம்னு சொன்னேன்."

"தெரியும் அத்தான். கோர்ட்ல படிச்சுக் காட்டினாங்க."

"கோர்ட்லயா?"

"எங்க ஊர்க் கம்பெனியா இருந்தா ஆலைய மூட அரசாங்கத்தோட அனுமதி வேணும். வெளிநாட்டுல ஒரு நிஜமான தலைமையகம் உக்காந்து பேசி முடிவு பண்ணியிருந்தா அனுமதி வேணாம். எங்க வக்கீல் அதை வெச்சுத்தான் கேஸ் போட்டாரு. அந்தத் தலைமையகம் வெறும் பலகை, அங்க ஒரு டெய்லரை பொம்மையா உக்கார வெச்சு கை தூக்கச் சொல்றாங்க, இந்தா வரி இன்ஸ்பெக்டர் முதல் தடவை வந்து எழுதின ரிப்போர்ட்டுன்னு. ஜட்ஜும் எங்க பக்கம்தான் சாய்ஞ்சிருந்தாரு. ஆலை தப்பிச்சுதுன்னே நினைச்சோம். அப்பதான் கம்பெனிக்காரங்க நீங்க பேசினத எடுத்து வெச்சாங்க."

டெய்லர் மெஷின் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜட்ஜ் முழுசாப் படிச்சாரு அத்தான். பொம்மை இவ்வளவு கோபப்படுமான்னு கேட்டாரு. கேஸ் போச்சு." அவன் குரல் தாழ்ந்தது. "நீங்க மட்டும் எப்பவும் போல பேசாம கையத் தூக்கியிருந்தா, நான் இன்னைக்கு வேலையில இருந்திருப்பேன்."

மனைவி வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். டெய்லர் எதுவும் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் அது யாருக்கு லாபமாகப் போய் முடியுமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. அவர் மௌனத்தைப் பார்த்ததும் மைத்துனனுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. படியைப் பார்த்துத் திரும்பி நின்று, மாடிக்குக் கேட்கும்படி கத்தத் தொடங்கினான். அவன் பொருத்திய ரப்பர் ஒவ்வொன்றும் எந்த நாட்டில் எவன் வீட்டுக் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டான். விரலைக் காட்டினான். ஆலை மெஷினில் மாட்டி நகம் போன விரல். சேர்மன் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கட்டும், அந்த நகம் உள்ளேதான் இருக்கும் என்றான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வக்கீல் மெதுவாக இறங்கி வந்தார். நகை வாங்க வந்தவர் நல்ல கல்லைப் பார்ப்பதுபோல் மைத்துனனைப் பார்த்தார்.

"தம்பி யாரு?"

"என் வீட்டுக்காரியோட தம்பி" என்றார் டெய்லர்.

"உக்காருங்க தம்பி. தண்ணி குடிங்க. நான் சொல்றதத் தப்பா எடுத்துக்காதீங்க. இன்ஸ்பெக்டருங்க இப்பல்லாம் ஒரே ஒரு ஆள் எதிர்த்தா போதாதுங்கிறாங்க. இன்னும் ஒரு டைரக்டர் தேடிக்கிட்டு இருக்கோம். நாங்க என்ன சொன்னாலும் வேணாம்னு சொல்லணும், அவ்வளவுதான். உங்களுக்குப் பயிற்சியே தேவையில்ல. இப்பப் பேசினத அப்படியே பேசினாப் போதும். மாசச் சம்பளம், குடும்பத்தக் கூட்டிட்டு வர டிக்கெட், எல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

"வேணாம்டா மச்சான்" என்றார் டெய்லர். "வேணாம். நான் சொல்றதக் கேளு. பட்டினி கிடந்தாலும் சேந்து கிடப்போம், இது வேணாம்."

வக்கீல் அவசரமாகப் பேனாவின் மூடியைத் திறந்தார். "சார், சார், இதை மாடியில வந்து சொல்லுங்க. இங்க சொன்னா வீணாப் போயிடும்."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவும் இரண்டு பெண்களும் அவன் சட்டைப்பைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு கையால் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டான். பிறகு வக்கீலின் பக்கம் திரும்பினான்.

"எத்தனை மணிக்கு வரணும் சார்?" என்றான்.